வழியை அவர்தான் சொல்வார்

கண்ணமங்கலத்தில் என் தையல் கடைக்குப் பாஷா பாய் வந்தபோது, வழக்கம்போலப் புளி கொண்டுவந்திருக்கிறார் என்றே நினைத்தேன். ஜவ்வாது மலையில் புளி வாங்கிக் கீழே விற்பவர் அவர். அன்று வெறுங்கையோடு நின்றார். "தம்பி, நம்ம காசியம்மா போய்ட்டாங்க" என்றார். காய்ச்சலாம். அடக்கமும் முடிந்துவிட்டதாம்.

விடுதியில் எங்களோடு இருந்த நீங்கள் காசியம்மாளை மறந்திருக்க மாட்டீர்கள். இளம்பிள்ளை வாதம் எனக்கு ஒரு காலை எடுத்தது, அவருக்கு இரண்டையும். ஊனமுற்றோர் விடுதியில் சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எப்போது குளிப்பது, எந்தப் புடவை கட்டுவது எல்லாம் வார்டன் அம்மாள் வைத்ததுதான் சட்டம். ஒருநாள் காசியம்மாள் வாசலில் உட்கார்ந்து மழை பார்க்க ஆசைப்பட்டார். சளி பிடிக்கும் என்று உள்ளே தூக்கிப் போய்விட்டார்கள். "சளி புடிச்சா எனக்குத்தான புடிக்கும்? அதுகூட என் இஷ்டத்துக்கு இல்லியா?" என்று கேட்டார். அந்த மாதமே மலைக்குத் திரும்பிவிட்டார்.

அண்ணன் தன் வீட்டுக்குக் கூப்பிட்டும் போகவில்லை. அப்பாவின் சாமைக் கொல்லையை விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டுவிட்டுத் தனி வீட்டில் இருந்தார். தண்ணீர் எடுக்க ஒரு பெண். வெளியே போக டோலி. மலையில் டோலி என்றால், கொம்பில் கட்டிய போர்வையில் நோயாளியையோ பிணத்தையோ படுக்கவைத்துத் தூக்கி வருவது. இவரோ அதில் நிமிர்ந்து உட்கார்ந்து அடிவாரச் சந்தைக்குப் புறப்பட்டார். டோலியைக் கண்ட பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வர, இவர் எட்டிப் பார்த்து, "இன்னா ஆச்சி? யாரு செத்தாங்க?" என்றாராம். அழ வந்தவர்கள் கோபித்துக்கொண்டு போனார்களாம்.

தெரிந்த பாதையே ஆனாலும், வழி பிரியும் இடத்தில் தூக்குபவர்கள் நின்று அவரைக் கேட்டுத்தான் திரும்ப வேண்டும். "தூக்கறது அவங்க. எங்க போறதுன்னு நான்தான சொல்லணும்?" என்பார். அறுப்புக்கு அறுப்பு அவர்களுக்குச் சாமை அளந்து கொடுத்துவிடுவார். எல்லாவற்றையும் தானே செய்துகொள்ள வேண்டும் என்ற வீம்பு அவரிடம் இருந்ததில்லை. "ஊர்ல எவன் எல்லாத்தையும் ஒண்டியா செய்றான்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்.

கடைசி நாளைப் பற்றி பாஷா பாய் மெல்லத்தான் சொன்னார். நோயாளியின் டோலி வந்தால் அடிவாரத்தில் செங்கம் பஸ்ஸை நிறுத்திவைப்பது வழக்கம். ஆஸ்பத்திரி செங்கத்தில்தான் இருக்கிறது. அன்று காய்ச்சலிலும் காசியம்மாள் டோலியில் உட்கார்ந்தே இறங்கி வந்திருக்கிறார். "சந்தைக்கு வர்றாங்கன்னு நெனச்சோம் தம்பி. தூரத்துலருந்து கைய தூக்குனாங்க. நானும் பஸ்லருந்து கையாட்டுனேன். பஸ் கெளம்பிடுச்சி." சொல்லிவிட்டு அழுதார். அன்றைக்கு அதற்குப் பிறகு பஸ் இல்லை.

விடுதியிலேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று உங்களில் சிலர் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். பிழைத்திருக்கலாம். ஆனாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்த மலையில் நல்ல கால் உள்ளவர்களும் பஸ் கிடைக்காமல் செத்திருக்கிறார்கள். விடுதிக்குப் போயிருக்கலாமே என்று அவர்களைப் பற்றி யாரும் சொன்னதில்லை. இன்னொரு பஸ் விடச் சொல்லி எங்காவது போய்க் கேட்போம், வாருங்கள்.

பாஷா பாய் அடக்கத்துக்கு மலையேறிப் போயிருந்தார். பாடையைச் சுமந்தவர்களும் டோலி தூக்கிய அதே ஆட்கள்தானாம். வழி பிரியும் இடம் வந்ததும் பழக்கத்தில் நின்றுவிட்டார்களாம். இடுகாட்டுக்கு எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தும், கேட்பதற்காக நின்றார்கள். காசியம்மாளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவர்கள் அங்கே நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான்.