ஓய்வு பெற்ற சர்வேயரின் கோணல் முளை

வெர்ன் கல்லியோவுக்கு ஒரு மனக்குறை உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் அதைச் சுமந்துகொண்டு திரிந்தான். எல்லை முளை அடிக்கும்போது கடைசி மூன்று சம்மட்டி அடியை சர்வேயர் ஹார்லன் பிக்ஸ்பி ஒரு நாளும் அவனுக்கு விட்டுக்கொடுத்ததில்லை.

புதரை வெட்டி வழி செய்வது வெர்ன். அளவுச் சங்கிலி இழுப்பது வெர்ன். முளைக்கட்டை முதுகில் ஏற்றிக்கொண்டு முழங்கால் புதையும் சேற்றில் நடப்பது வெர்ன். கொசு தின்றது போக மிச்சமிருந்த வெர்ன்தான் இரும்பு முளையை நட்டு, முக்கால்வாசி இறங்கும்வரை சம்மட்டியால் அடிப்பதும். அதுவரைக்கும் அளவுக் கருவியை வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடித்துக் காத்துக்கொண்டிருந்த ஹார்லன் அப்போதுதான் எழுந்து வருவார். "தள்ளு" என்பார். சம்மட்டியை வாங்குவார். டங், டங், டங். முளையின் தலையிலிருக்கும் அலுமினியத் தொப்பியில் அவருடைய லைசென்ஸ் எண் பளபளக்கும். முழு முளையையும் ஒற்றை ஆளாக இறக்கியவர் மாதிரி நெற்றியைத் துடைத்துக்கொள்வார்.

ஒரு முறை வெர்ன் கேட்டே விட்டான்.

"பாஸ், அந்த மூணையும் நானே அடிச்சா பூமி சாஞ்சுருமா?"

"லைசென்ஸ் யார்ட்ட இருக்கு?"

"உங்ககிட்ட."

"அப்பத் தள்ளு."

அப்படி ஒரு சட்டமே கிடையாது. லைசென்ஸ்காரர் பக்கத்தில் நின்றால் போதும், சம்மட்டியை யார் வேண்டுமானாலும் தூக்கலாம். வெர்னுக்கு இது தெரியவந்தபோது தலை நரைத்துவிட்டது. மூன்று அடி என்பது ஹார்லன் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம்.

எழுபத்தைந்து தாண்டியதும் ஹார்லனுடைய முழங்கால்கள் அவருக்கு முன்னால் ஓய்வு கேட்டன. இரண்டையும் அலாஸ்காச் சேறு தின்று முடித்திருந்தது. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்தது. கட்டடக் கலைஞர், இன்ஜினியர், சர்வேயர் என்று மூன்று சாதியையும் ஒரே பட்டியில் கட்டி மேய்க்கிற வாரியம் ஒன்று உண்டு. அதற்கு எழுதிப்போட்டு 'ஓய்வு நிலை' வாங்கிக்கொண்டார். முத்திரையைக் கொடுத்தார், பதிலுக்கு ஓர் அட்டை வந்தது. பெயருக்குப் பின்னால் சர்வேயர் என்று போட்டுக்கொள்ளலாம், ஆனால் 'ஓய்வு' என்ற சொல் கூடவே வால் பிடித்து வரவேண்டும். அளக்கக்கூடாது. முளை அடிக்கக்கூடாது, அடித்ததைப் பிடுங்கவும் கூடாது. எது எல்லை என்று தொழில்முறையில் யாருக்கும் சொல்லக்கூடாது.

மனுஷன் ஒடிந்துபோவார் என்று வெர்ன் நினைத்தான். நடந்தது தலைகீழ். அந்த அட்டை அவருக்குப் புது வேட்டைத் துப்பாக்கி மாதிரி ஆகிவிட்டது. டோரி ஹார்பரின் ஒரே காபிக் கடையில் யாராவது வந்து, வேலியை எங்கே போடட்டும் என்று கேட்டால் போதும், சட்டைப் பையிலிருந்து உருவி மேசையில் வைப்பார்.

"படி. கடைசி வார்த்தையைச் சத்தமாப் படி."

"ஓய்வு."

"அதனால வேலியைப் பத்தி நான் வாய் திறக்கக்கூடாது. இன்னிக்கு ப்ளூபெர்ரி பை நல்லா வந்திருக்கு, அதை மட்டும் சொல்லலாம்."

பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளில்கூட 'ஹார்லன் பிக்ஸ்பி, சர்வேயர், ஓய்வு' என்று கையெழுத்துப் போட்டார். உங்க வீட்டம்மா லொரேன் போய்ச் சேர்ந்தது நல்லதாப் போச்சு, இருந்திருந்தா அவங்களுக்கும் 'புருஷன், ஓய்வு'ன்னுதான் போட்டிருப்பீங்க என்று வெர்ன் சொன்னான். அவருக்கு அது பிடித்துப்போய், ஒரு வாரம் தானே சொன்ன நகைச்சுவை மாதிரி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கூத்து பெட்ரா குண்டர்சன் நிலத்தை விற்கக் கிளம்பும்வரை நன்றாகத்தான் ஓடியது.

பெட்ராவின் நிலத்து வடகிழக்கு மூலையில் இரண்டு முளைகள் இருக்கின்றன. ஒன்று ஹார்லன் அடித்தது, பெட்ராவின் அப்பா நில்ஸ் உயிரோடிருந்த காலத்தில். மற்றொன்று நாலு விரல் தள்ளி, மேவிஸ் ராட்கே அடித்தது. மேவிஸ் அந்த ஊருக்குப் பிற்பாடு வந்த சர்வேயர், ஹார்லனைவிடச் சில வயது சின்ன அம்மாள், குரல் மட்டும் ரம்பம். அவர் அளந்தபோது ஹார்லனின் முளை இடம் தவறியிருப்பதாகக் கணக்கு சொன்னது. அடுத்தவர் முளையைப் பிடுங்குவது அந்தத் தொழிலில் பெரிய அபசாரம். ஆகவே பிடுங்காமல் பக்கத்திலேயே தன்னுடையதை அடித்துவிட்டுப் போனார். ஒரே மூலையில் இப்படி முளைகள் கூட்டம் போட்டு நின்றால் சர்வேயர்கள் அதை ஊசிமெத்தை என்பார்கள். அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராத அசிங்கம். பத்துப் பதினைந்து வருஷமாக இரண்டு பேரும் காபிக் கடையில் ஒருவருக்கொருவர் முதுகு காட்டி உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த நாலு விரல்தான்.

இப்போது அந்த நாலு விரலில் பெட்ராவின் பிழைப்பு மாட்டிக்கொண்டது. அவள் சால்மன் மீனுக்குப் புகை போடும் கொட்டகை மூலையை ஒட்டி நிற்கிறது. மேவிஸின் முளைப்படி கொட்டகை அவள் நிலத்தில். ஹார்லனின் முளைப்படி அதன் ஓரம் பக்கத்து நிலத்துக்குள் எட்டிப்பார்க்கிறது. வாங்க வந்தவனுக்குக் கொட்டகைதான் வேண்டும். அவனுக்குக் கடன் கொடுக்கிற வங்கியோ ஒரு மூலைக்கு ஒரு முளைதான் இருக்கலாம் என்றது. தரை உறைவதற்குள் இதை முடிக்காவிட்டால் வேறு இடம் பார்ப்பேன் என்று அவன் சொல்லிவிட்டான்.

பெட்ரா மேவிஸிடம் போனாள். தான் அடித்தது சரி என்று தானே சொன்னால் அது சண்டை, ஹார்லன் அடித்தது ஏன் தவறியது என்று தெரிந்தால்தான் அது சாட்சியம் என்றார் மேவிஸ். அந்த முளையைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தவன் வெர்ன் அல்லவா என்று அவனிடம் வந்தார்கள்.

"நான் பிடிச்சேன், அவ்வளவுதான்," என்றான் வெர்ன். "அடிச்சவரைக் கேளுங்க."

அவனுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் சொல்வதில்லை என்று அன்றைக்கே ஹார்லனுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். நில்ஸ் குண்டர்சன் கிழவரும் கொடுத்திருந்தார், கொடுத்த வாக்கோடு குழிக்குள்ளும் போய்விட்டார்.

காபிக் கடையில் அடித்தவரிடம் போனால் அவர் அட்டையை உருவி வைத்தார்.

"பிக்ஸ்பி சார், இது விளையாட்டு இல்ல," என்றாள் பெட்ரா. "வித்தாத்தான் நான் பையன் இருக்கற ஊருக்குப் போக முடியும்."

"விளையாடலம்மா. நான் வாயத் திறந்தா வாரியம் என்னைச் சும்மா விடாது."

அவள் போனபிறகு அவருக்கு ப்ளூபெர்ரி பை இறங்கவில்லை. ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, அப்புறம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அந்த மாசக் கடைசியில் அவருடைய மகள் வந்து அவரை அரிசோனாவுக்குக் கூட்டிப்போகப் போகிறாள். முழங்காலுக்கு வெயில் நல்லதாம். போகிற ஆள் இந்த ஊரில் என்ன மாதிரிப் பெயரை விட்டுவிட்டுப் போகப்போகிறார் என்பதுதான் தட்டில் கிடந்தது.

மறுநாள் காலை வெர்னின் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வாரியத்துக்குப் போன் போடச் சொன்னார். வாரியத்துப் பெண் இனிமையாகப் பேசினாள். ஓய்விலிருந்து திரும்பி வரலாம், தாராளமாக வரலாம், விட்டுப்போன வருஷங்களுக்கெல்லாம் வகுப்பு முடிக்கவேண்டும், கம்ப்யூட்டரிலேயே படிக்கலாம் என்றாள்.

"எனக்கு அவ்வளவெல்லாம் வேணாம்மா. நான் அடிச்ச ஒரு முளை தப்புன்னு சொல்லணும். அதுக்கு மட்டும் எத்தனை வகுப்பு?"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அதற்குத் தனியாக வகுப்பு எதுவும் இல்லை என்றாள். லைசென்ஸ் இருந்தால் திருத்தி எழுதிப் பதிவு செய்யலாம், ஓய்வில் இருப்பவர் அதைச் செய்ய முடியாது.

ஹார்லன் போனை வெர்னிடம் கொடுத்தார்.

"பாத்தியா. நான் சரின்னு சொல்ல எனக்கு அதிகாரமில்ல, அது பரவால்ல. தப்புன்னு சொல்லவும் அதிகாரமில்லயாம்."

"வகுப்புல சேருங்க பாஸ். பின்பெஞ்சுல உக்காந்து தூங்கலாம்."

"கம்ப்யூட்டர்ல பின்பெஞ்சு எங்கடா இருக்கு?"

வெர்ன் வண்டியை எடுத்தான். அவரிடம் கேட்கவில்லை. நேராக மேவிஸ் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். அந்தம்மா வெளியே வந்து, ஹார்லன் தன் வாசலில் நிற்பதைப் பார்த்து, நாயைக் கட்டுவதா வேண்டாமா என்று யோசித்தமாதிரி நின்றார். விஷயத்தைக் கேட்டதும் நாயைக் கட்டினார்.

அன்று மத்தியானம் பெட்ராவின் சமையலறையில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். பெட்ரா அப்பாவின் பழைய காபிக் கெண்டியை அடுப்பிலிருந்து எடுத்தாள். அதன் கைப்பிடியில் ஒரு சின்ன மணி கட்டியிருக்கும். கிணிகிணியென்று ஊற்றினாள். எதற்கு மணி என்று அவளுக்குத் தெரியாது. அப்பா கட்டினார், அவள் அவிழ்க்கவில்லை.

"ஹார்லன், உன் கருத்து எனக்கு வேணாம்," என்று ஆரம்பித்தார் மேவிஸ். "கருத்து சொல்ல உனக்கு லைசென்ஸும் இல்ல. அன்னிக்கு என்ன நடந்துச்சு, அதை மட்டும் சொல்லு. கண்ணால பாத்ததைச் சொல்றதுக்கு ரோட்ல போறவனை எந்த வாரியமும் தடுக்காது."

"நான் ரோட்ல போறவனா?"

"ஆமா. ஓய்வு பெற்ற சர்வேயருக்கு மேல நல்ல சாட்சி ரோட்ல கிடைக்குமா? சொல்லு."

ஹார்லன் வெர்னைப் பார்த்தார். வெர்ன் கெண்டியைப் பார்த்தான்.

அப்புறம் அவர் சொன்னார். மெதுவாக ஆரம்பித்தார், போகப்போக அவராலேயே நிறுத்த முடியவில்லை. அந்த வாரம் ஊரில் கரடி நடமாட்டம். முளை முக்கால்வாசி இறங்கியிருக்கிறது, கீழே பாறை தட்டுகிறது. பாறை தட்டினால் பிடுங்கி, கல்லைத் தோண்டி எடுத்து, மறுபடி நேராக இறக்கவேண்டும். அது அரை நாள் வேலை. அந்த நேரம் பார்த்துப் புதருக்குள் மரக்கிளை முறிகிற சத்தம். பெரிய உடம்பு ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது. ஹார்லன் சம்மட்டியைப் பிடுங்கி மூன்று அடி போட்டார். முளை பாறையில் வழுக்கி ஒரு பக்கமாகப் போனதைக் கண்ணால் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஓடினார்.

"யாரு முதல்ல கரடின்னு கத்தினதுன்னு மட்டும் கேக்காதீங்க," என்றார்.

"நீங்கதான்," என்றான் வெர்ன்.

"நீதான்டா."

இதை அவர்கள் இத்தனை வருஷமும் தீர்க்கவில்லை, அன்றும் தீரவில்லை.

"சரி, கரடி என்ன ஆச்சு?" என்றார் மேவிஸ்.

ஹார்லன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கரடி இல்ல. நில்ஸ். எங்களுக்குக் காபி கொண்டுவந்தான்."

ஓடையைத் தாண்டி, மரத்தில் பாதி ஏறியபிறகுதான் நில்ஸ் கூப்பிடுவது கேட்டிருக்கிறது. லைசென்ஸ் வாங்கிய சர்வேயர் ஒரு காபிக் கெண்டிக்குப் பயந்து மரமேறினார் என்று ஊருக்குத் தெரியக்கூடாது. நாலு விரல் தவறை ஒப்புக்கொள்ள அவருக்கு என்றைக்கும் கஷ்டமில்லை. ஆனால் திருத்தப் போனால் எப்படித் தவறியது என்று கேட்பார்களே.

பெட்ரா எழுந்தாள். கெண்டியைக் கையிலெடுத்து ஓர் ஆட்டு ஆட்டினாள்.

"அதுக்குத்தான் அப்பா இந்த மணியக் கட்டினாரா?"

மேவிஸ் சிரிக்க ஆரம்பித்து, கண்ணாடியைக் கழற்றி, மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டார். பெட்ரா சிரித்தாள், இடையில் கொஞ்சம் அழுதாள், மறுபடி சிரித்தாள். ஹார்லன் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவருடைய தோளும் குலுங்கியது. சாயங்காலத்துக்குள் கதை காபிக் கடைக்குப் போய்விட்டது. யார் கொண்டுபோனது என்று வெர்ன் சொல்லமாட்டான்.

மேவிஸ் சாட்சியத்தை எழுதி, கையெழுத்து வாங்கிப் பதிவு செய்தார். முளையைப் பிடுங்கும் நாளில் ஹார்லனும் வந்தார். அவர் தொடக்கூடாது. இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார். மேவிஸும் வெர்னும் கடப்பாரையால் நெம்பினார்கள். கொஞ்ச நேரம்தான் அவரால் பொறுக்க முடிந்தது.

"இடது பக்கம் ஆட்டு."

"இது தொழில்முறைக் கருத்தா?" என்றார் மேவிஸ்.

"ரோட்ல போறவன் கருத்து."

இடது பக்கம் ஆட்டினார்கள். முளை வந்துவிட்டது. அடி நுனி தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது. மேவிஸ் அதைத் தன் கோட்டில் துடைத்து ஹார்லனிடம் கொடுத்தார். அன்று காபிக் கடையில் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஆனால் மேசையில் எது யார் பக்கம் என்று அதற்கும் ஒரு தகராறு நடந்தது.

பெட்ராவின் நிலம் உறைபனிக்கு முன்னால் கை மாறியது. கெண்டியை மட்டும் அவள் கூடவே எடுத்துப்போனாள்.

மாசக் கடைசியில் வெர்ன் ஹார்லனைச் சின்ன விமானத்தளத்துக்குக் கொண்டுபோய் விட்டான். மகள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். ஹார்லன் கோட்டுக்குள்ளிருந்து அந்தக் கோணல் முளையை எடுத்தார்.

"இதைக் கொண்டுபோக விடமாட்டாளாம். நீ வெச்சுக்க. ஒரு வேலை இருக்கு."

"சொல்லுங்க."

"அரிசோனா மண்ணுல நான் படுக்கமாட்டேன். இங்கதான் கொண்டுவருவாங்க, லொரேன் பக்கத்துல. தலைமாட்டுல இதை அடிச்சுரு. கல்லுல பேரு வெட்டறப்ப ஓய்வுன்னு போட மறந்துராத, வாரியத்துலேருந்து கடுதாசி வரும்."

"முளை வளைஞ்சிருக்கே பாஸ்."

"எனக்கு மட்டும் முதுகு நேராவா இருக்கு?"

வெர்ன் முளையைக் கையில் புரட்டிப் பார்த்தான். முப்பது வருஷத்துக் கேள்வி தொண்டைக்கு வந்தது.

"கடைசி மூணு அடி?"

ஹார்லன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார்.

"அன்னிக்கு எனக்கு எந்திரிச்சு வரத் தோதுப்படாது. நீயே அடிச்சுக்க."

ஏறி உள்ளே போனார். கதவைச் சாத்தப் போன விமானியின் கையைத் தள்ளிவிட்டுத் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"வெர்ன், இன்னொண்ணு. பக்கத்துல மேவிஸ் வந்து இன்னொரு முளை அடிச்சுட்டுப் போயிராம பாத்துக்க."