ஒண்ணாந்தேதி மாப்பிள்ளை

எனக்குப் பெண் கொடுப்பதற்கு முன் என் மச்சான் எல்லாவற்றையும் விசாரித்தார். குடிப்பேனா, சீட்டாடுவேனா, பாபநாசத்தில் நாங்கள் இருந்த வீடு சொந்தமா வாடகையா என்று ஊரெல்லாம் கேட்டார். ஜாதகத்தை இரண்டு பேரிடம் காட்டினார். நான் வேலை பார்க்கும் கருவூல அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, வேலை நேரத்தில் நான் எத்தனை தடவை வெளியே வருகிறேன் என்றுகூடப் பார்த்திருக்கிறார். நான் வேலையில் சேர்ந்த தேதியை மட்டும் கேட்கவில்லை.

அதைக் கேட்க யாருக்குத் தோன்றும்? சர்க்கார் உத்தியோகம் என்றால் முதலில் சம்பளம், அப்புறம் பென்ஷன், ஆள் போன பிறகு பெண்டாட்டிக்குக் குடும்ப பென்ஷன் என்பது எங்கள் பக்கத்துப் பெண் வீட்டாருக்கு மனப்பாடம். போதாக்குறைக்கு எனக்கு வேலை கருவூலத்தில். வட்டாரத்துப் பென்ஷன் பில்லெல்லாம் எங்கள் மேஜை வழியாகத்தான் போகும். "தேனெடுக்குறவன் புறங்கைய நக்காமலா இருப்பான்?" என்று மச்சான் சொந்தக்காரர்களிடம் சொன்னாராம். எனக்குப் புறங்கையே கிடையாது என்பது அவருக்குத் தெரியாது.

அவர் அப்படி உத்தியோகக்காரனைத் தேடியதற்குக் காரணம் இருந்தது. அப்பா இறந்தபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. என் மனைவி கைக்குழந்தை. நிலம் இருந்தது. ஆனால் நிலம் மாசாமாசம் கொடுக்காது. பள்ளிக்கூடத்துச் சட்டை வாங்கக்கூட அவர்கள் அம்மா பங்காளி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது. கூடவே இவரும் நின்றார். தங்கச்சியை ஒண்ணாந்தேதி சம்பளம் வாங்குகிறவனுக்குத்தான் கொடுப்பேன் என்று அந்த வாசலிலேயே முடிவு செய்துவிட்டான் என்று என் மாமியார் கல்யாணத்தன்று சொன்னார். வாய்க்கால் பக்கத்து நல்ல நிலத்தில் ஒரு துண்டை விற்று நகை போட்டார். கல்யாணத்துக்கு வந்த உறவினர் ஒவ்வொருவரிடமும் 'கருவூலத்து மாப்பிள்ளை' என்று என்னைக் காட்டினார். எனக்குக் கூச்சமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

சில வருஷம் கழித்து ஒரு நாள் மச்சான் அலுவலகத்துக்கு வந்தார். நேர்காணல் நடந்துகொண்டிருந்த சமயம். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை நேரில் வந்து, தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். குடும்ப பென்ஷன் வாங்கும் அம்மாமார்களும் வருவார்கள். "இன்னும் சாவல தம்பி, எழுதிக்க" என்று சிரித்துக்கொண்டே ஒரு அம்மா கைநாட்டு வைத்தார். மச்சான் பெஞ்சில் உட்கார்ந்து அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாத்தாரு மாப்ள?"

"யூனியன் ஆபீஸ்ல ஜீப் டிரைவர்."

"தவறி எவ்வளவு நாளாச்சு?"

"ரொம்ப வருஷம் ஆச்சு மச்சான்."

"அன்னையிலேருந்து மாசாமாசம் வருது?" என்றவர், "யார் வாசலுக்கும் போவ வேண்டாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு நிறைந்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார். "நீங்க ரிட்டயரானாலும் இங்கயேதான் வந்து கையெழுத்துப் போடணுமா?"

நான் பில்லைப் புரட்டிக்கொண்டே சொன்னேன். "எனக்கு அந்தத் தொல்லையே இல்ல மச்சான். எனக்குத்தான் பென்ஷன் கிடையாதே."

கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் விளக்கினேன். ஒரு ஏப்ரல் மாதத்தைக் கோடாகக் கிழித்து, அதற்குப் பின் வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நான் கோட்டுக்கு இந்தப் பக்கம். எங்கள் சம்பளத்தில் பிடிப்பதையும் அரசாங்கம் போடுவதையும் சேர்த்துக் கடைசியில் மொத்தமாகக் கொடுப்பார்கள், அதோடு சரி. பேப்பரில் வந்து நாறிப்போன செய்திதான். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைத்திருந்தேன்.

"பென்ஷன் குடுக்குற ஆபீஸ்ல இருக்குறவருக்கே இல்லியா?" என்றார். வந்த காரியத்தைச் சொல்லாமலே எழுந்து போனார்.

அதற்கப்புறம்தான் அவருக்கு அரசியல் பிடித்தது. எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். "நாங்க கட்டுற வரியிலதான மாப்ள உங்க ஆபீஸ்ல ஃபேன் சுத்துது?"

"விவசாய வருமானத்துக்கு ஏது மச்சான் வரி? எனக்குச் சம்பளம் கைக்கு வர்றதுக்குள்ள புடிச்சிடுறான்."

"டீசலுக்கு யார் கட்டுறா? உரத்துக்கு, மருந்துக்கு, டிராக்டர் போல்ட்டுக்கு? கிஸ்தி கட்டலன்னா உங்க ஆளுங்க சும்மா விடுவாங்களா?"

"மோட்டாருக்கு இலவச கரண்ட்டு, கூட்டுறவுல தள்ளுபடி, அதெல்லாம் எவன் வரி?"

"தண்ணி வந்தா மழை வரமாட்டேங்குது, மழை வந்தா நிக்கமாட்டேங்குது. எனக்கு அகவிலைப்படி எவன் குடுத்தான்? குடுத்தா எல்லாருக்கும் பென்ஷன் குடு, இல்ல ஒருத்தனுக்கும் குடுக்காத!"

பென்ஷன் இல்லாத நான் பென்ஷனுக்காக வாதாடுவேன். எனக்குப் பென்ஷன் இருக்கும் என்று நம்பிப் பெண் கொடுத்தவர் அதை ஒழிக்கச் சொல்லி வாதாடுவார். எங்கள் அலுவலகத்து ஃபேன் பாதி நாள் சுற்றாது என்பதை மட்டும் நான் கடைசிவரை சொல்லவில்லை. என் மனைவி சாம்பாரோடு வந்து, "அரசாங்கம் எங்கயும் ஓடிப்போயிடாது, ரெண்டு பேரும் கையக் கழுவுங்க" என்பாள். மச்சானுக்கு என்மேல் பொறாமை என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். பொறாமைப்பட என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

பழைய பென்ஷனைக் கேட்டு நாங்கள் வேலைநிறுத்தம் செய்த வருஷம், சம்பா அறுவடை உச்சத்தில் இருந்தது. கொள்முதல் நிலையத்தில் எடை போடுகிறவர்களும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். மச்சானின் நெல் நிலையத்து வாசலில் குவிந்து கிடந்தது. தாலுகா ஆபீஸ் எதிரே சாமியானா போட்டு நாங்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய பைக் வந்து நின்றது.

"ஏன் மாப்ள, நீங்க இங்க நெழல்ல உக்காந்தா அங்க என் நெல்லு மொளைக்குது. அதுக்கு எந்தத் திட்டத்துல குடுப்பீங்க?"

பக்கத்தில் இருந்த நண்பர் கோபமாக எழுந்தார். "எங்க மச்சான்" என்றேன். அவர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். மாமன் மச்சான் சண்டையில் மூன்றாவது ஆள் தலையிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை.

மதியத்துக்கு மேல் வானம் கறுத்தது. மனைவி போன் செய்தாள். கும்பகோணம் வரை கடையில் தார்ப்பாய் தீர்ந்துபோயிற்று, அண்ணன் இருந்த ஒன்றை வைத்துப் பாதிக் குவியலைத்தான் மூடியிருக்கிறார் என்றாள். எனக்கு முன்னால் எங்கள் சங்கத்து பிளெக்ஸ் பேனர் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. "நெல்லுக்குத்தானே, அவுத்துக்கிட்டுப் போங்க" என்றார் எங்கள் செயலாளர். அவரும் இந்த ஊர்க்காரர்.

கொள்முதல் நிலையத்தில் பிளெக்ஸை விரித்தபோது மச்சான் அதிலிருந்த எழுத்தைப் படித்தார். 'ஓய்வூதியம் எங்கள் உரிமை.'

"எழுத்து உள்பக்கம் இருக்கட்டும்," என்றார். "ரோட்டுல போறவன் நானும் உங்க சங்கம்னு நெனச்சிடுவான்."

ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து, செங்கல் வைத்து முடிப்பதற்குள் தூறல் விழுந்துவிட்டது. நெல் பெரும்பாலும் தப்பியது. போராட்டம் தப்பவில்லை, சில நாளில் வெறுங்கையோடு வேலைக்குத் திரும்பினோம். பிளெக்ஸை அவர் திருப்பித் தரவேயில்லை. உங்கள் சங்கத்தால் ஆன ஒரே லாபம் என்று ஒவ்வொரு அறுவடைக்கும் சொல்லிக் காட்டுவார்.

பின்னொரு பொங்கல் சமயத்தில், எங்களைப் போன்றவர்களுக்கும் மாதாமாதம் பென்ஷன் வரும்படி ஒரு புதுத் திட்டத்தை அறிவித்தார்கள். பழையதைப் போல இல்லை, இது ஏமாற்று என்று சிலர் சொன்னார்கள். கிடைத்தவரை லாபம் என்று சிலர். டிவியில் இரண்டு கட்சியும் கத்திக்கொண்டிருந்த வேளையில் மச்சான் பொங்கல் சீர் கொண்டு வந்தார். கரும்பு, வாழைத்தார், புது அரிசி எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, மஞ்சள் கொத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் நின்றார். மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்க வந்தாள்.

இன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று நான் தயாரானேன். எங்கள் வரிப்பணம் என்று ஆரம்பித்தால் சொல்ல இலவச கரண்ட்டை எடுத்து வைத்திருந்தேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"மாப்ள, அன்னைக்கு உங்க ஆபீஸ்ல ஒரு அம்மா கைநாட்டு வச்சுதே."

"எந்த அம்மா?"

"ஜீப் டிரைவர் சம்சாரம். அந்த மாதிரி அம்மாமாருக்கும் இந்தத் திட்டத்துல உண்டா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பொங்கலும் அதுவுமாக, கையில் மஞ்சள் கொத்தோடு, தங்கச்சியையும் எதிரே வைத்துக்கொண்டு, அதை வேறு எப்படிக் கேட்பார்? இத்தனை வருஷம் அவர் போட்ட சண்டையெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து கேட்காமல் விட்ட ஒரே கேள்விக்காகத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"உண்டு மச்சான்," என்றேன். "அவங்களுக்கும் மாசாமாசம் உண்டுன்னுதான் சொல்லியிருக்காங்க."

அவர் மஞ்சள் கொத்தைத் தங்கையின் கையில் கொடுத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பச் சரி. டீசலுக்கு இன்னும் கொஞ்சம் ஏத்துனாலும் ஏத்திக்கட்டும்."