டி.சி. வாங்காமல் வந்த அக்கா

"நல்லதை மட்டும் எழுதுங்க சின்னம்மா, எல்லாரும் வாங்கிட்டுப் போற மலரு" என்று அக்காவின் மூத்த மகன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நல்லதைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் கோபத்தை ஒளித்துவைத்து எழுதும் வித்தை எனக்குத் தெரியாது. அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இன்று இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர் சிலருக்கு இது கசக்கும். கசக்கட்டும்.

அக்கா பிறந்தது வல்லத்திராக்கோட்டையில். அப்பா ரங்கூனில் வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஒரு லேவாதேவிக் கடையில் வேலை பார்த்தார். நாங்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே ஆத்தாவையும் எங்கள் இருவரையும் புதுக்கோட்டை டவுனில் வாடகை வீட்டில் குடிவைத்தார். பொட்டைப் பிள்ளைக்கு எதற்கு டவுன் படிப்பு என்று பெரியப்பா கேட்டதற்கு அப்பா வாயால் பதில் சொல்லவில்லை. விடுப்பில் வந்திருந்தபோது அக்காவை நேரே பள்ளிக்கு அழைத்துப்போய், தாமே கையெழுத்திட்டுச் சேர்த்துவிட்டார். அக்கா நன்றாகப் படித்தார். இது தங்கையின் பெருமைப் பேச்சல்ல. என் வீட்டுக்கணக்கையும் அவரே போட்டுக்கொடுக்க, இது உன் மூளையில்லை என்று வாத்தியாரிடம் நான் அடி வாங்கியிருக்கிறேன்.

யுத்தம் வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்தது. அப்பாவின் கடிதமும் நின்றது, மாதாமாதம் வரும் பணமும் நின்றது. பர்மாவிலிருந்து காட்டுவழியே நடந்து ஊர் திரும்பியவர் ஒருவர், அப்பாவை ஓர் ஆற்றங்கரையில் காய்ச்சலோடு பார்த்ததாகச் சொன்னார். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. டவுன் வீட்டைக் காலி செய்தோம். திருச்சியில் ரயில்வேயில் இருந்த மாமா, அதாவது ஆத்தாவின் தம்பி, எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்துக்கொள்ள முன்வந்தார். அக்கா அப்போது நாலாம் பாரம், இன்றைய கணக்கில் ஒன்பதாம் வகுப்பு, முடித்திருந்தார். திருச்சியில் ஒரு பள்ளியில் ஐந்தாம் பாரத்துக்கு இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். பழைய பள்ளியின் டி.சி. மட்டும் வேண்டும். புதுக்கோட்டை ராஜா சமஸ்தானம், திருச்சி வெள்ளைக்காரன் சீமை, டி.சி. இல்லாமல் வாசற்படி ஏறமுடியாது.

இங்கேதான் வந்தது வினை. பள்ளியில் சேர்த்தவர் யாரோ அவர்தான் பெயர் நீக்கவும் கையெழுத்திட வேண்டும் என்றார் தலைமையாசிரியை. அவர் பர்மாவில் இருக்கிறார், நான் போடுகிறேன் என்றார் ஆத்தா. பெண்பிள்ளை கையெழுத்து செல்லாது என்று பதில் வந்தது. சொன்னவரும் ஒரு பெண்பிள்ளைதான். நாள் முழுக்க நூறு காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர். மாமா கேட்டதற்கு, தாய்வழி மாமன் கார்டியன் ஆகமாட்டார் என்றார். தகப்பன் இறந்துவிட்டதாக எழுதிக்கொடுத்தால், தகப்பனின் அண்ணன் கார்டியனாகக் கையெழுத்திடலாம். சட்டம் அப்படியாம். எழுபது வருஷத்துக்கும் மேலாக அந்தச் சட்டத்தை நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரியப்பா வந்தார். மறுக்கவில்லை, உடனே சம்மதித்தார். அதற்கும் காரணம் இருந்தது. ஊரில் பங்காளிகள் ஏற்கெனவே அப்பாவுக்குக் கருமாதி செய்துவிடலாம் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். செய்தால் ஆத்தாவின் தாலியை இறக்க வேண்டும். ஆத்தா பிடிகொடுக்காமல் இருந்தார். அப்பா இறந்துவிட்டார் என்று கையில் காகிதம் ஒன்று கிடைத்தால் பங்காளிகளுக்குப் பேச்சு முடிந்துவிடும்.

கணவரின் அண்ணன் முன்னால் நிற்கக்கூடாது என்று ஆத்தா பள்ளிக்கூட வராந்தாவிலேயே நின்றுவிட்டார். காகிதத்தில் என்ன எழுதியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. நானும் அக்காவும் பெரியப்பாவோடு உள்ளே போனோம். குமாஸ்தா விண்ணப்பத்தை எழுதி வைத்திருந்தார். அக்கா அதை வாங்கிப் படித்தார். அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. பெரியப்பா பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்.

"பெரியப்பா, போடாதீங்க" என்றார் அக்கா.

"ஏத்தா, ஒனக்குப் படிப்பு வேணுமா வேண்டாமா?"

"வேணும். ஆனா இதுல நீங்க கையெழுத்துப் போட்டா, நாளைக்கு வெளிய நிக்கிற ஆத்தா கழுத்துல கைய வைக்க வருவீங்க. எனக்கு டி.சி. வேண்டாம்."

பதினாலு வயசுப் பெண். பெரியப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. திமிர் பிடித்த கழுதை என்றார், தகப்பன் இல்லாமல் வளர்ந்தால் இப்படித்தான் என்றார். தலைமையாசிரியை விண்ணப்பத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்ததும், அவங்க குடுக்கல என்று மட்டும் அக்கா ஆத்தாவிடம் சொன்னார்.

திருச்சியில் டி.சி. இல்லாத பிள்ளையைச் சேர்க்கமாட்டோம் என்றார்கள். மாமா அலைந்து பார்த்து ஓய்ந்தார். அக்கா மாமா வீட்டு அடுப்படியில் ஐந்தாம் பாரத்துப் புத்தகங்களைத் தாமாகவே படித்து முடித்தார். பிறகு கீரனூரில் வாழ்க்கைப்பட்டார். பிள்ளைகளை ஆளாக்கினார். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். தாலுகா ஆபீஸில் அவர் எழுத்தைத் திருப்பியதில்லை. எல்லாரும் இதைப் புகழ்ந்து சொல்கிறீர்கள். எனக்கு வயிறு எரிகிறது. கல்லூரியில் பாடம் நடத்தியிருக்க வேண்டியவர் பட்டா மாறுதல் மனு எழுதிக்கொண்டிருந்தார்.

நான் சின்ன வகுப்பில் இருந்ததால் பரீட்சை வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். நான் படித்தேன், தலைமையாசிரியையாகவும் ஆனேன். என் பள்ளியில் தாயின் கைநாட்டைப் பார்த்து டி.சி. கொடுத்ததற்காக மேலதிகாரியிடம் பேச்சு வாங்கினேன். வாங்கியது போதவில்லை, இன்னும் நிறையத் தாய்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அக்கா மீதும் எனக்குக் கோபம் உண்டு. அப்பா இருந்திருந்தால், போட்டுத்தொலைங்க கையெழுத்தை, பிள்ளை படிக்கட்டும் என்றுதானே சொல்லியிருப்பார்? ஆத்தா காலமான பிறகு இதை அக்காவிடம் சண்டை பிடிக்கிற குரலில் கேட்டேன். அப்பா வருவார் என்று அவ்வளவு நம்பினாயா என்றேன்.

"நான் நம்பலடி" என்றார் அக்கா. "ஆத்தா நம்புச்சு."

ஆத்தா கடைசிவரை தாலியோடு இருந்து, தாலியோடு போனார். அந்தப் பள்ளிக்கூடத்துக்காரியைத் திட்டிக்கொண்டேதான் போனார். டி.சி.யை வேண்டாம் என்றது யார் என்று அக்காவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குச் சோறு போட்ட மாமா குடும்பத்துக்கு, அக்காவை ஒரு சொல் கடிந்து பேசாத அத்தானுக்கு, கடைசி நாட்களில் மருத்துவமனையில் மாற்றி மாற்றிக் கண்விழித்த மருமகள்களுக்கு, கீரனூர்த் தெருவே திரண்டு வந்ததற்கு எங்கள் நன்றி. பெரியப்பாவின் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள், மாலை போட்டார்கள். அவர்களுக்கும் நன்றி. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. பெரியப்பா மேல் உள்ளது மட்டும் தீரவில்லை.

இந்த மலரின் முதல் பக்கத்தில் அக்காவின் பெற்றோர் பெயர் இருக்கிறது. அச்சகத்திலிருந்து வந்த புரூபில் இருவருக்கும் முன்னால் 'அமரர்' என்று போட்டிருந்தார்கள். ஆத்தாவுக்கு இருக்கட்டும் என்று விட்டேன். அப்பாவுக்குப் போட்டிருந்ததை நான்தான் அடித்தேன். பிழை என்று யாரும் போன் செய்ய வேண்டாம்.