மொட்டைக்கழுத்துச் சேவலின் குஞ்சுகள்

இதை எழுத வேண்டாம் என்றுதான் மூன்று மாதமாக இருந்தேன். நோட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதன் நடுப்பக்கங்களைக் கிழித்து அம்மா அடுப்பு மூட்டிவிட்டாள். சரி, தொல்லை விட்டது என்று நினைத்தேன். ஒன்பதாவது பெயிலானவனுக்கு எழுத்தில் என்ன வேலை? அதுவும் கோழியைப் பற்றி. ஆனால் மிச்சப் பக்கங்கள் பரணில் கிடந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

கடலூர் பழைய டவுனில் எங்கள் தெருவில் கோழி இல்லாத வீடு கிடையாது. எந்தக் கோழியைக் காட்டினாலும் அது என்ன ஜாதி, எதோடு எது கலந்தது என்று நான் சொல்லுவேன். யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பார்க்க வேண்டிய நேரமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே குப்பையைக் கிளறுகிற கோழிகளைப் பார்த்தவன் நான். முதலில் கொண்டையைப் பார்க்க வேண்டும். ரம்பம் மாதிரி பல் பல்லாக இருக்கிறதா, இல்லை பட்டாணியை நசுக்கி ஒட்டின மாதிரி இருக்கிறதா? பட்டாணி என்றால் எங்கேயோ சண்டைச் சேவல் ரத்தம் இருக்கிறது. அப்புறம் கால். மஞ்சளா, கறுப்பா, நெட்டையா, குட்டையா? கடைசியாகக் காது. கோழிக்கு ஏது காது என்று சிரிப்பார்கள். கண்ணுக்குப் பின்னால் கொஞ்சம் கீழே ஒரு சதை மடல் இருக்கும். அது வெள்ளையாக இருந்தால் வெள்ளை முட்டை, சிவந்திருந்தால் பழுப்பு முட்டை. அநேகமாகத் தப்பாது.

ஆனால் தெரிந்ததை அப்படியே சொல்லிவிட்டால் பொழுது எப்படிப் போகும்? தெருக்கோடியில் இட்லி சுட்டு விற்கிற அம்மாவிடம், அவளுடைய சாதாரணச் செவலைக் கோழி கப்பலில் வந்த சிங்கப்பூர் ஜாதி என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து அந்தக் கோழிக்குத் தினமும் ஒரு இட்லி, சட்னியோடு. தலையில் குடுமி மாதிரி இறகு வைத்த கோழி ஒன்று ரிடையர்டு கம்பவுண்டர் வீட்டில் இருந்தது. அது அரண்மனைக் கோழி, அதை யாரும் சூ என்று விரட்டக்கூடாது என்றேன். அவர் கொஞ்ச நாள் அதை வாங்க போங்க என்றே கூப்பிட்டார்.

நான் வேலை பார்த்தது ஒரு மல்லாட்டை மண்டியில். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். அங்கே என்னோடு மூட்டை தைக்கிற சிநேகிதன் ஒருவன் இருந்தான். என் பொய்கள் எல்லாம் அவனுக்குத் தெரியும். "ஒன் வாயத் தைக்கிறதுக்கு இந்தக் கோணி ஊசி பத்தாதுடா மச்சான்" என்பான்.

எங்கள் வீட்டில் ஒரு மொட்டைக்கழுத்துச் சேவல் இருந்தது. உடம்பு முழுக்கச் செம்பு நிறத்தில் பளபளப்பான இறகு. தலைக்கும் தோளுக்கும் நடுவில் மட்டும் ஒரு முடி இல்லாமல் சிவப்புத் தோல். பண்ருட்டிச் சந்தையில் யாரும் வாங்காமல் கிடந்ததை அம்மா இரக்கப்பட்டு வாங்கி வந்தாள். பழைய டவுனில் அப்படி ஒரு சேவல் வேறு எங்கேயும் கிடையாது. இது முக்கியம்.

எங்களுக்குப் பின்வீட்டில் இருந்தவர் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. சொந்தம் இல்லை, இருந்தாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அரிசிக்கு க்யூவில் நின்ற வருஷம் அது. வீட்டில் கோழி வளர்த்தால் குடும்பத்துக்கு ஆகும் என்று சொல்லி பிளாக் ஆபீஸில் வெள்ளை லெக்கான் கோழிகள் கொடுத்தார்கள். மாமா ஆறு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி வந்தார். அவர் வேட்டி எப்படி வெள்ளையோ அப்படி வெள்ளை. கூண்டுக்கு நாலு பக்கமும் கம்பி வலை, மேலேயும் வலை, கதவுக்குப் பூட்டு. ஜாதி கெடக்கூடாது என்பார். சாவியை மகளிடம் கொடுத்திருந்தார்.

அந்த மகளைப் பற்றித்தான் எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

அவர்கள் தோட்டத்துக்கும் எங்கள் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு மூங்கில் படல். மத்தியானம் நான் சோற்றுக்கு வீட்டுக்கு வரும்போது மண்டியிலிருந்து உடைந்த மல்லாட்டைப் பருப்பைத் துண்டில் முடிந்துகொண்டு வந்து முருங்கை மரத்தடியில் தூவுவேன். எங்கள் கோழிகளுக்கு என்று அம்மா நினைத்தாள். சரியாக அந்த நேரத்துக்கு அவள் கூண்டைத் திறப்பாள். வெள்ளைக் கோழிகள் படலுக்கு அடியில் நுழைந்து ஓடிவரும். பின்னாலேயே அவள் வருவாள், கோழி பிடிக்க.

"ஒங்க மொட்டக்கழுத்து எங்க கோழியத் தொரத்துது, பாரு."

"தொரத்தல. பொண்ணு பாக்க வந்துருக்கான்."

"மூஞ்சியப் பாரு. கழுத்துல ஒரு முடி இல்ல, இதுல பொண்ணு பாக்க வந்துட்டாரு."

"ஆம்பளைக்கு எதுக்கு அழகு?"

"ஒனக்குச் சேத்துதான் சொல்றேன்."

ஆறு கோழியைப் பிடிக்க ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம் போதும். நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து அரைமணி நேரம் பிடிப்போம். ஒரு நாள் கோழியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "ஊர்ல உள்ளதுக்கெல்லாம் ஜாதி சொல்றியே, எனக்குச் சொல்லு பாப்பம்" என்றாள். நான் அவளைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து, காதை உற்றுப் பார்த்தேன். "காது செவந்திருக்கு. பழுப்பு முட்டைதான்" என்றேன். கையில் இருந்த கோழியை என் மேல் எறிந்துவிட்டு ஓடினாள். கோழி என் சட்டையைக் கிழித்துவிட்டது. அந்தச் சட்டையை நான் தைக்கவே இல்லை.

ஐப்பசியில் ஒரு நாள் படலைப் பிடித்துக்கொண்டு நின்று, சிரிக்காமல் சொன்னாள்:

"பொங்கலுக்கு அக்கா வருது. அது சொன்னா அப்பா கேப்பாரு. நான் அக்காகிட்ட சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் நீ வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கணும். ஒன்னால ஆவுமா?"

"இது என்ன பெரிய விஷயமா?" என்றேன்.

லெக்கான் முட்டை போடும், அடைகாக்காது. அதற்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் மாமா எங்கள் அம்மாவிடம் வந்து அடைக்கோழி இரவல் கேட்டார். அம்மா தன் கறுப்புக் கோழியைக் கொடுத்தாள். பன்னிரண்டு லெக்கான் முட்டைகளை அதன் அடியில் வைத்தார்கள். மாமா தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றாமலே போய்க் கோழியைப் பார்ப்பார்.

இருபத்தோராவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மாமா படலுக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். சிநேகிதன் அப்போது எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அம்மா, நான், அவன் மூன்று பேரும் போனோம். மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அத்தை, அதுதான் அவர் மனைவி. வாசற்படியில் அவள்.

பதினோரு குஞ்சு பொரித்திருந்தது. ஏழு, மஞ்சள் பஞ்சுருண்டை மாதிரி இருந்தன. நாலு குஞ்சுக்குக் கழுத்தில் பஞ்சே இல்லை. வெறும் சிவப்புத் தோல்.

"என்னப்பா இது? எதாவது நோவா?" என்றார் மாமா. "இல்ல, பிளாக் ஆபீஸ்ல குடுத்ததே கலப்போ? நாளைக்கு எடுத்துட்டுப் போயி காட்டலாம்னு இருக்கேன். நீதான் பெரிய கோழி ஜோசியனாச்சே, சொல்லு."

நான் ஒரு குஞ்சைக் கையில் எடுத்தேன். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. முன்கழுத்தில் ஒரே ஒரு பொட்டு மாதிரி பஞ்சு. அப்பன் மொட்டைக்கழுத்தாக இருந்து அம்மா வேறு ஜாதியாக இருந்தால் அந்தப் பொட்டு விழும். தெருவில் வேறு எவனுக்கும் இது தெரியாது. அந்த நிமிஷத்தில் என் மனதில் இருந்தது இது ஒன்றுதான். வேறு எதுவுமே இல்லை. சிநேகிதன் என் காலை மிதித்தான். இடம் போதாமல் மிதிக்கிறான் என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தேன்.

"நோவும் இல்ல ஒண்ணும் இல்ல மாமா. இந்தப் பொட்டு முடியப் பாருங்க. அம்மா ஒங்க லெக்கான், அப்பன் எங்க மொட்டக்கழுத்து. நாம சம்பந்தி ஆயிட்டோம்!"

அம்மா சிரித்தாள். அத்தைகூடச் சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை.

"ஒன் சேவல் எப்படிப்பா உள்ள வரும்? மேலயும் வல போட்டிருக்கனே."

"அது வரல. ஒங்க கோழிங்கதான் வந்துருக்கு."

"என்னைக்காவது ஒருநா தப்பிச்சி வந்துருக்குமோ?"

இங்கேயாவது நான் ஆமாம் என்றிருக்கலாம். மாமாவே எனக்கு வழி எடுத்துக் கொடுத்தார். ஆனால் என் கெட்டிக்காரத்தனத்தை ஒருவர் சந்தேகப்படுவது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒருநா வந்தா எப்படி மாமா நாலு குஞ்சு? தெனம் வந்து போயிருக்கணும்!"

கறுப்புக் கோழி மட்டும் க்ளக் க்ளக் என்று குஞ்சுகளைக் கூப்பிட்டது. மாமா எழுந்து படலைப் பார்த்தார். முருங்கை மரத்தடியில் சிதறிக் கிடந்த மல்லாட்டைத் தோலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "கூண்டு சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அவள் தாவணி முடிச்சை அவிழ்த்து, சாவியை எடுத்து அத்தை கையில் கொடுத்தாள். கோபமாக என்னைப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் வாயை மட்டும் பார்த்தாள். அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற மாதிரி. பிறகு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் படலுக்குக் கம்பி போட்டு முறுக்கிவிட்டார்கள். அந்த வாரமே அவளைச் சிதம்பரத்துக்கு, அவள் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா ஒரு தடவை போய்ப் பேசிப் பார்த்தாள். "ஒம் புள்ள ஒம்பதாவது பெயிலு, மூட்ட தைக்கிறான்" என்று அத்தை வாசலிலேயே வைத்துச் சொல்லியனுப்பினாள். பொங்கலுக்கு அக்கா வந்தது. வந்தது தங்கை கல்யாணத்துக்கு. மாப்பிள்ளைக்குச் சிதம்பரத்தில் பாத்திரக்கடை.

நாலு குஞ்சுகளும் கொஞ்ச நாளில் கண்ணில் படவில்லை. மாமா கழுத்தைத் திருகியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் சேவலை அறுத்துப் போடு என்று அம்மாவிடம் கத்தினேன். "அது என்னடா பண்ணிச்சி? அதுக்குப் பேசவா தெரியும்?" என்றாள். அதற்கப்புறம் தெருவில் யாராவது கோழியைக் கொண்டுவந்து காட்டினால் தெரியாது என்று சொல்லிவிடுவேன். இட்லிக்கார அம்மாவுக்குக்கூட வருத்தம்.

இரண்டு வருஷம் கழித்து, போன பங்குனியில், மண்டியிலிருந்து சிதம்பரத்துக்கு எண்ணெய் டின் ஏற்றிக்கொண்டு நானும் சிநேகிதனும் லாரியில் போனோம். டின்களை மேல வீதிக் கடையில் இறக்கிவிட்டு, டீ குடிக்க ஒரு சந்து வழியாக நடந்தோம். அங்கே ஒரு வீட்டு வாசலில் கோழி ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. என் கால் நின்றுவிட்டது.

முழு வெள்ளை. கால் மஞ்சள். ரம்பக் கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. காது மடல் வெள்ளை. கழுத்து மொட்டை. முன்கழுத்தில் ஒரே ஒரு பொட்டு இறகு.

படியில் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். நல்ல முகம். கெட்ட முகமாக இருந்திருக்கக்கூடாதா என்று தோன்றியது.

"என்ன தம்பி, கோழியவா பாக்குறீங்க? எல்லாரும் இப்பிடித்தான் நின்னு பாப்பாங்க. எங்க வீட்ல கடலூர்லேருந்து வரச்சே குஞ்சா மடியில வச்சிக்கிட்டு வந்தாங்க. அறுக்கவும் வுடமாட்டாங்க, யாருக்கும் குடுக்கவும் வுடமாட்டாங்க. இது என்ன ஜாதின்னு கேட்டா வாயே தொறக்கறதில்ல." சிரித்தார். "நீங்க பாக்குறதப் பாத்தா வெவரம் தெரிஞ்சவரு மாதிரி இருக்கு. சொல்லுங்களேன், என்ன ஜாதி இது?"

உள்ளே யாரோ அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த சத்தம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

குனிந்து கோழியைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் இருந்தேன். கோழி என் செருப்பைக் கொத்தியது.

"நாட்டுக்கோழிதாங்க" என்றேன். "சின்னதுல கழுத்துல சொறி வந்து முடி கொட்டிருக்கும். வேற ஒண்ணும் இல்ல."

"அவ்வளவுதானா?" என்றார் அவர், கொஞ்சம் ஏமாற்றமாக.

"அவ்வளவுதாங்க."

நாங்கள் நடந்தோம். நாலு வீடு தாண்டினதும் அம்மிச் சத்தம் மறுபடியும் கேட்க ஆரம்பித்தது. அந்த அம்மிதானா, வேறு வீட்டு அம்மியா என்று தெரியவில்லை. டீக்கடை வந்தும் நாங்கள் நிற்கவில்லை. லாரி நிற்கிற இடம் வந்ததும் சிநேகிதனிடம் கேட்டேன்.

"சரியாச் சொன்னனாடா?"

அவன் லாரியில் ஏறி உட்கார்ந்து, எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டபடியே சொன்னான்:

"அன்னைக்கு இதச் சொல்லச் சொல்லித்தாண்டா மச்சான் ஒன் கால மிதிச்சேன்."