கறைப்பல் பாட்டுக்காரன்

ரஞ்சித்குமாருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்று இன்றைக்குச் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பாப்பாரப்பட்டியிலிருந்து வருகிற டவுன் பஸ்ஸில் பாதிப்பேர் அவனிடம் வாக்குக் கேட்க வருகிறவர்கள். எலுமிச்சம்பழம், வேப்பிலை, சூடம் என்று கையில் பை வைத்திருப்பார்கள். அவன் என்ன வேலை செய்தான், எதற்காக உயிரைக் கொடுத்து உழைத்தான் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவன் பாடகன். என் வீட்டுக்காரர் மாதவராஜ் கிட்டார் வாசித்த குழுவில் பாடினான்.

எங்கள் ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிக் கோடு கோடாகக் கறை விழும். ரஞ்சித்துக்கு அது மற்றவர்களைவிட மோசம். சிறு வயதிலிருந்தே உதட்டை மூடிக்கொண்டுதான் சிரிப்பான். நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்க்கப் போன இடத்தில், கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தான். பையன் ஊமையா என்று பெண் வீட்டில் தரகரைக் கேட்டார்களாம்.

ஐ.டி.ஐ. முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குப் போனான். தகடு வெட்டுகிற மெஷின். நாள் முழுக்க அடி விழுந்துகொண்டே இருக்கும். அங்கே நாகாலாந்துப் பையன் ஒருவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வேலை செய்வானாம். இவன் ஒரு நாள் அதை வாங்கிக் கேட்டான். அமெரிக்காவில் பெயர்பெற்ற ஒரு மெட்டல் இசைக்குழு. பாட்டு மாதிரியே இல்லை, அடிவயிற்றிலிருந்து உறுமுகிறார்கள்.

"அந்த மெஷின் சத்தத்துல வேற எந்தப் பாட்டும் காதுல ஏறாது அண்ணி. இது ஏறுச்சு" என்று என்னிடம் சொன்னான். "இன்னொண்ணு. இதைப் பாடணும்னா வாயை முழுசா தொறந்தே ஆகணும்."

அவன் வாயைத் திறந்தது அதற்காகத்தான்.

என் வீட்டுக்காரர் அப்போது பெங்களூரில் இருந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தார். கிட்டாரும் கூட வந்தது. ட்ரம்ஸ் அடிக்க ராஜா கிடைத்தான். கல்யாணக் கச்சேரிகளில் அடிக்கிறவன். மூன்று பேரும் சேர்ந்து 'கரும்பாறை' என்று பெயர் வைத்தார்கள். பழகுவதற்கு எங்கள் பட்டுப்புழு மனைதான் இடம். புழு இருக்கும்போது அங்கே சத்தம் கூடாது; தழை தின்கிற காலத்தில் நாங்களே மெதுவாகத்தான் பேசுவோம். கூடு எடுத்து விற்று, தட்டுகளைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் தெளித்து, அடுத்த முட்டை வருகிற வரைக்கும் மனை காலியாக இருக்கும். அந்த இடைவெளிதான் இவர்களுக்கு. கண் எரிய எரிய உள்ளே நின்று பாடுவார்கள்.

என் மாமியார் குள்ளம்மாள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்து கேட்பார். "மாட்டுக்கு லாடம் அடிக்கறாப்ல இருக்குது. மாடு யாரு, அடிக்கறவன் யாருன்னுதான் தெரியல."

"மாடு நான்தாங்க ஆத்தா" என்பான் ரஞ்சித் உள்ளேயிருந்து.

டீ குடிக்கிற நேரத்தில் அந்த அமெரிக்கக் குழுவின் கதையைச் சொல்வான். மற்றவர்கள் சினிமாக் கதை சொல்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொல்வான்.

"பாடறவனைக் குடிகாரன்னு தொரத்திட்டாங்க. வேற ஆளைப் போட்டாங்க, ஜனம் கேக்கல. மறுபடி இவனையே கூட்டியாந்தாங்க. மறுபடி சண்டை. கடைசியில ஒரே பேரை வச்சுக்கிட்டு ரெண்டு கூட்டம் ஊர் ஊரா பாடுனாங்க அண்ணி. கோர்ட்டுக்குப் போயி நின்னாங்க."

"பேரு யாருக்கு ஆச்சு தம்பி?" என்று கேட்டேன்.

"கிட்டார்காரனுக்கு."

ராஜா என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தான். "கேட்டுக்கண்ணா. உனக்குத்தானாம்."

"பங்காளிச் சண்டை அமெரிக்கா வரைக்கும் போயிருக்குது பாரு" என்றார் மாமியார்.

"நமக்கு அப்பிடி வராதுங்க ஆத்தா. நாம ஒரே ஊரு" என்றான் ரஞ்சித்.

ராஜாவும் என் வீட்டுக்காரரும் சண்டை போட்டுப் பிரிவதும், ராஜா கல்யாணக் கச்சேரிக்கே திரும்பிப் போவதும், ரஞ்சித் டி.வி.எஸ். எடுத்துக்கொண்டு போய் அவனை அழைத்து வருவதும் நடந்துகொண்டே இருந்தது. சமாதானம் பேசுகிற வேலை எப்போதும் ரஞ்சித்துக்குத்தான். அவனுக்கு ஒரே ஆசை. பெங்களூரில் வருஷத்துக்கு ஒரு முறை மெட்டல் பாட்டுக்கென்றே ஒரு விழா நடக்கிறது. அந்த மேடையில் நின்று தான் எழுதிய 'கறைப்பல்' பாட்டைப் பாட வேண்டும். ஓசூரில் ஓவர்டைம் பார்த்ததும், சேர்த்ததையெல்லாம் ஸ்பீக்கரில் போட்டதும் அதற்காகத்தான். அந்தப் பாட்டில் எனக்குப் புரிந்தது ஒரு வரி. மற்றதெல்லாம் உறுமல். "எங்க தண்ணி எங்க பல்லுல இருக்குது." அதைப் பாடும்போது முகத்தை மேலே தூக்கி, கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிய வாயைத் திறப்பான்.

விழாக்காரர்கள் வீடியோ கேட்டார்கள். ஜனங்களுக்கு முன்னால் பாடிய வீடியோவாக இருக்க வேண்டும். இந்தப் பாட்டுக்குத் தருமபுரியில் யார் மேடை தருவார்கள்? என் மாமனார் மாரியப்பன் ஊர்க் கோயில் கமிட்டியில் இருந்தார். மாரியம்மன் பண்டிகையில் கரகம் வந்து சேர்ந்ததும், கச்சேரி தொடங்குவதற்கு முன் ஒரு பாட்டுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். பக்திப் பாட்டு என்றுதான் கமிட்டியில் சொல்லியிருந்தார்.

அதுவரைக்கும் சரிதான். அதற்கு மேல் என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. கரகத்தோடு வந்த பம்பைக்காரர்கள் மேடைக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். அவர்களும் சேர்ந்து அடித்தால் வீடியோ எடுப்பாக இருக்கும், பெங்களூர்க்காரர்கள் இதைப் பார்த்ததில்லை என்றார். ராஜா மட்டும், "அண்ணா, பம்பை வேணாம். அது வேற" என்றான்.

"தாளம்தானடா?"

"தாளம்தான். ஆனா எதுக்கு அடிக்கறதுன்னு இருக்குதில்ல?"

என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், பம்பை வேகமெடுத்தால் அது அம்மனை அழைப்பதற்கு. அந்த அடியில் ஒருவன் கண்ணை மூடி உறுமினால் அதைப் பாட்டு என்று யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அவருக்கும் இது தெரியும். வீடியோ மட்டும் கண்ணில் இருந்ததால் மறந்து போனார்.

பொழுது இறங்குகிற நேரம். பம்பை எழுந்தது, ட்ரம்ஸ் சேர்ந்தது, கிட்டார் இழுத்தது. ரஞ்சித் வாயைத் திறந்தான்.

முன்வரிசையில் பெண்கள் இரண்டு பேருக்கு உடனே அருள் வந்துவிட்டது. தலைமுடி அவிழ ஆடினார்கள். யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து ரஞ்சித் தலையில் ஊற்றினார்கள். அவன் நிறுத்தவில்லை, வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தில் வேப்பிலையைப் போட்டார்கள். பெரியவர் ஒருவர் தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு மேடையில் ஏறி, "யாரு வந்திருக்கறது? சொல்லு தாயே" என்று கேட்டார். அவன் பாடிக்கொண்டே இருந்தான். பிறகு காவேரி ஏறினாள். திருப்பூருக்குப் போன மகன் வெகுநாளாகப் போனும் செய்வதில்லை என்று தெருவெல்லாம் அழுதுகொண்டிருந்தவள். ரஞ்சித்தின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"எம் பையன் வருவானா சாமி? ஒரு வார்த்தை சொல்லு!"

பாட்டு முடிய இன்னும் ஒரே வரி இருந்தது. அவள் காலை விட்டால் போதும் என்று அதே குரலில் அவன் உறுமினான்: "வருவான், போங்கம்மா."

பண்டிகை முடிவதற்குள் மகன் வந்துவிட்டான். பண்டிகைக்கு வருகிறவன்தான், போன வருஷமும் அப்படித்தான் வந்தான். ஆனால் இந்த வருஷம் ரஞ்சித் சொல்லித்தான் வந்தான் என்றாகிவிட்டது.

மறுநாளிலிருந்து ரஞ்சித் வீட்டு வாசலில் ஆட்கள். அவன் அம்மா சென்னம்மாள் கண்ணீர் விட்டாள். மகனைப் பார்த்து யாரும் கைகூப்பி அவள் கண்டதில்லை. இவன் ஒவ்வொருவரிடமும் சொன்னான்: "சாமி இல்லீங்க, பாட்டுங்க அது. மெட்டல் பாட்டு." நாலு நாளில் அந்தப் பேச்சு கமிட்டிக்குப் போனது. கோயிலுக்கு முன்னால் கூடினார்கள். ஆண்கள் வேப்பமரத்தடியில், நாங்கள் பெண்கள் சுவரோரம்.

கமிட்டித் தலைவர் கேட்டது நியாயமான கேள்வி மாதிரிதான் இருந்தது. "வந்தது அம்மன்னா, அம்மன் வந்த வாயில இனி கண்டதையும் பாடக்கூடாது. கவிச்சி கூடாது, கோயிலை விட்டுட்டு ஊர் ஊராப் போகக்கூடாது. பாட்டுதான்னா, ஆத்தா கரகத்துக்கு முன்னாடியே ஆத்தா மாதிரி நடிச்சிருக்கறான். அவனும் தப்பு, மேடை வாங்கிக் குடுத்த வூடும் தப்பு. எதுன்னு சொல்லிடுங்க."

"பாட்டுங்க" என்றான் ரஞ்சித்.

கூட்டம் சலசலத்தது. என் மாமனார் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"அவனுக்கு நெனவில்லாம இருந்திருக்கும். பக்கத்துல நின்னவன் நீ. நீ சொல்லு மாதவா. பாட்டா, சாமியா?"

ரஞ்சித் அவரைப் பார்த்தான். பயமே இல்லாத பார்வை. அண்ணன் சொல்லப்போவது தனக்குத் தெரியும் என்பது போல நின்றான். என் வீட்டுக்காரர் முதலில் தன் அப்பாவைப் பார்த்தார். பிறகு வேப்பமரத்தைப் பார்த்தார்.

"சாமிதானுங்க" என்றார்.

பெண்கள் குலவையிட்டார்கள். சென்னம்மாள் மண்ணில் விழுந்து கும்பிட்டாள். நான் ரஞ்சித்தின் வாயைப் பார்த்தேன். மூடிக்கொண்டது.

அன்றைக்கு வீட்டில் சோறு போடும்போது என் வீட்டுக்காரர் தானாகவே பேசினார். "வேற என்ன சொல்லச் சொல்ற? அப்பாவைக் கோயில்ல இருந்து தள்ளி வைப்பாங்க. கொஞ்ச நாள்ல எல்லாம் அடங்கிடும்." நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

எதுவும் அடங்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ரஞ்சித்தை மணையில் உட்காரவைத்து வாக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். அந்த வீடியோவைப் பார்த்து பெங்களூர் விழாக்காரர்கள் கரும்பாறையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சூடமும் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் மேடைக்காகச் செய்த ஏற்பாடு என்று நினைத்து அசந்துபோனார்களாம். சேதி வந்த அன்று என் வீட்டுக்காரர் ரஞ்சித் வீட்டுக்குப் போனார். நானும் பால் கொடுக்கிற சாக்கில் பின்னால் போயிருந்தேன்.

"நீ வந்தா ஊர்ல விடமாட்டாங்கடா. எங்க அப்பாவையும் சேத்துக் கேப்பாங்க. இந்த ஒரு வாட்டி வேற ஆளைப் போட்டுப் பாடிட்டு வந்துடறோம். அடுத்த வருசம் நீதான்."

"சரிங்கண்ணா" என்றான் ரஞ்சித். பிறகு, "கறைப்பல் மட்டும் பாடாதீங்க. வேற எது வேணாலும் பாடிக்கங்க. அது நான் பாடறது."

"சேச்சே. உன் பாட்டை எவன்டா தொடுவான்?"

ராஜா அந்த மேடைக்குப் போகவில்லை. "அன்னைக்கே பம்பை வேணாம்னு சொன்னேன்" என்றான். ட்ரம்ஸைக் கழற்றிக் கொண்டுபோனான். இந்த முறை சமாதானத்துக்குப் போக ஆள் இல்லை. பெங்களூரிலேயே ட்ரம்ஸ் அடிப்பவனும் பாடுபவனும் கிடைத்தார்கள். பெயர் மட்டும் கரும்பாறை. என் வீட்டுக்காரர் அதைப் பதிந்து வைத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

இப்போது அவர் அங்கேதான் இருக்கிறார். அடுத்த வருசமும் வந்து போய்விட்டது. ஊருக்கு வருவது குறைந்து, போனும் குறைந்துவிட்டது. விழாவில் பாடிய வீடியோவை என் நாத்தனார் மகள் கனிமொழிதான் போனில் காட்டினாள். புதுப் பாடகன் உயரம், நல்ல உடம்பு, கழுத்தில் வேப்பிலை மாலை. பக்கத்தில் இரண்டு பம்பைக்காரர்கள். கடைசியில் முகத்தை மேலே தூக்கி வாயைத் திறந்தான். "எங்க தண்ணி எங்க பல்லுல இருக்குது." விளக்கு வெளிச்சத்தில் அவன் பல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. ஜனங்கள் கத்தினார்கள். என் வீட்டுக்காரர் குனிந்து கிட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வெள்ளிக்கிழமை என் மாமியார் கிளம்பினார். வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பட்டுப்புழு மனையைப் பூட்டிவிட்டு கூடப் போனேன். ரஞ்சித் வீட்டுக்கு முன்னால் ஷீட் போட்டு நிழல் பண்ணியிருக்கிறார்கள். அவன் சிவப்புத் துண்டு கட்டி மணையில் உட்கார்ந்திருந்தான். பழைய உடம்பு இல்லை. நாளெல்லாம் உறுமி உறுமித் தொண்டை கிழிந்து, சாதாரணப் பேச்சே காற்றாகத்தான் வருகிறது.

மாமியார் சூடத்துக்கு முன்னால் கைகூப்பினார். லாடம் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று கேலி செய்த அதே வாய்.

"எம் பையன் எப்ப வருவான் சாமி?"

ரஞ்சித் அவரைப் பார்த்தான். பிறகு உறுமினான். "வருவான், போங்கம்மா."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார். அடுத்து நான். திருநீறு வைக்க என் பக்கம் குனிந்தவன், யாருக்கும் கேட்காமல், "பாத்தீங்களா அண்ணி? எப்பிடிப் பாடறான்?" என்றான்.

கறைப்பல் பாடினார்களா என்று அவன் கேட்கவில்லை. அது அவனுக்குத் தெரிந்திருந்தது.

"பல்லு வெள்ளையா இருக்குது தம்பி" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். தலையை மேலே தூக்கி, வாயைக் கடைசி வரைக்கும் திறந்து, அத்தனை கறையும் தெரிய, சத்தமே எழும்பாத தொண்டையால் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தான், கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"சாமி சிரிக்குது, சாமி சிரிக்குது" என்று எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.