இரண்டாவது அளவு

கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதும் நான் "சரி மேடம்" என்று சொல்லிவிட்டேன். சொத்தை இல்லாத கத்தரிக்காய் பொறுக்க நிக்டி மார்க்கெட்டில் கால் மணி நேரம் நிற்கிறவள் நான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போட்ட கணக்கை ஒருமுறை சரிபார்க்காமல் நோட்டை நீட்டினால் வாங்கவே மாட்டேன், திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்டவள், உடம்பிலிருந்து ஒரு உறுப்பை எடுக்க அரை நிமிடம்கூட யோசிக்காமல் தலையாட்டிவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

காரணம் இல்லாமல் இல்லை. ஒரு வருடமாக மாதவிலக்கு என்னைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. பத்து நாள், சில மாதம் பன்னிரண்டு நாள். வகுப்பில் நாற்காலியை விட்டு எழுந்தால் முதலில் புடவையின் பின்பக்கத்தைத்தான் பார்த்துக்கொள்வேன். மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. ஸ்கேனில் இரண்டு நார்க்கட்டிகள் தெரிந்தன. உள்சுவரிலிருந்து துளி எடுத்துப் பார்த்ததில் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் ரத்தம் ரொம்பக் குறைந்திருந்தது. வயது நாற்பத்தாறு. "அது செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்துவிட்டது, இனிமேல் தொந்தரவுதான்" என்றார் டாக்டர். மூன்று வாரம் தள்ளி ஒரு செவ்வாய்க்கிழமை குறித்தார்.

எங்கள் வீட்டுப் பழக்கமும் ஒரு காரணம். அம்மாவுக்கு எடுத்தாயிற்று, சித்திக்கு எடுத்தாயிற்று, பெரியம்மா மகளுக்கும் எடுத்தாயிற்று. கடைவாய்ப் பல் பிடுங்கிய கதையைப் போலத்தான் அதைச் சொல்வார்கள். "எனக்கும் எடுத்துட்டாங்க" என்பார்களே தவிர, எதை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சரி, இப்போது நம் முறை என்றுதான் நான் நினைத்தேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் அந்த டாக்டர்தான். அறுபதைத் தொட்ட மராட்டிப் பெண்மணி. நிக்டியில் எங்கள் காலனிக்குப் பக்கத்தில் இரண்டு மாடியில் ஒரு நர்ஸிங் ஹோம் வைத்திருக்கிறார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், இந்தி சரியாக வராத காலத்தில், என் முதல் பிரசவம் நடந்தது. மழையில் ரெயின்கோட் சொட்டச் சொட்ட உள்ளே வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வலியில் தமிழில் கத்திக்கொண்டிருந்தேன். இந்தியில் பேசு என்று நர்ஸ் அதட்டினாள். "அவள் தமிழிலேயே கத்தட்டும், எனக்குப் புரிகிறது" என்றார் இவர். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது அவருக்கு. அன்றிலிருந்து அவர் சொன்னால் எனக்கு வேதவாக்கு. அவர் சொன்னதை இன்னொரு டாக்டரிடம் கொண்டுபோய்ச் சரிதானா என்று கேட்பது, உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்வதாகவே எனக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அந்த எண்ணமே எனக்கு வரவில்லை.

எண்ணத்தைக் கொண்டுவந்தவர் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கட்கியில் பாதுகாப்புத் துறையின் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு வருடமாக வேலை செய்கிறார். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. செய்து வரும் உலோகத் துண்டுகளைக் கருவி வைத்து அளந்து, சரியானதை ஒரு தட்டிலும் தப்பானதை இன்னொரு தட்டிலும் போடுவதுதான் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவரிடம் என் கணவர், "இவளுக்கு ஆபரேஷன்க்கா, லேடீஸ் சமாச்சாரம்" என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். ஆண்பிள்ளைகளுக்கு அதற்கு மேல் தாங்காது.

அண்ணி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னாங்க?"

"நம்ம டாக்டர் மேடம்தான் அண்ணி."

"சரி. வேற யாரு பாத்தாங்க?"

"வேற யாரு பாக்கணும்? அவங்களை எனக்கு இருபது வருஷமாத் தெரியும்."

"நம்பிக்கை வேற, அளவு வேறம்மா" என்றார் அண்ணி. "எங்க ஃபேக்டரில ஒருத்தர் அளந்தா சரக்கு வெளிய போவாது. முதல் ஆளு அளந்து, சீட்டுல எழுதி, மடிச்சு டப்பாவுல போட்டுருவான். ரெண்டாவது ஆளு அந்தச் சீட்டைப் பாக்கவே கூடாது. பாத்தா அவன் கண்ணு அதே நம்பரைத்தான் தேடும். அவன் தனியா அளந்து எழுதணும். அப்புறம்தான் ரெண்டு சீட்டையும் பிரிச்சுப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்குறது."

"முதல் ஆளுக்குக் கோவம் வராதா?"

"இன்னாத்துக்கு வரும்? நான் அளந்ததையும்தான் இன்னொருத்தி அளக்குறா. ஒரு நாளாச்சும் நான் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினேனா?"

எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்தது. என் டாக்டரை ஒரு மிஷின்காரனோடு சேர்த்துப் பேசுகிறாரே என்று. "நான் என்ன இரும்புத் துண்டா அண்ணி?" என்று கேட்டுவிட்டேன்.

"இரும்புக்கே ரெண்டு தபா பாக்குறாங்கம்மா" என்றார்.

அதோடு விடுகிறவரும் இல்லை. கேம்ப் ஏரியாவில் ஒரு டாக்டர் இருக்கிறார், கூட வேலை செய்பவளின் தங்கைக்குப் பார்த்தவர், வெள்ளிக்கிழமை நான் லீவு போடுகிறேன், நீயும் போடு என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

போவதென்றால் ஃபைல் வேண்டும். அட்மிஷன் தேதி குறித்ததுமே அதை நர்ஸிங் ஹோமில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். எப்படிக் கேட்பது? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆடி மாதம் பிறந்திருந்தது. அதைவிட வசதியான சாக்கு ஒரு தமிழச்சிக்கு எங்கே கிடைக்கும்?

டாக்டரோடு நான் பேசுவது இந்தியில். முன்னால் உட்கார்ந்து ஒப்பித்தேன்.

"மேடம், எங்களவர்களில் இந்த மாதம் நல்ல காரியம் எதுவும் செய்ய மாட்டோம். தேதியைத் தள்ளிப் போடணும்."

"ஆபரேஷன் நல்ல காரியமா?" என்றார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "அப்புறம், ஃபைலை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் ஒரு வாரம் வைக்கணும்" என்றேன்.

"ஃபைலையா?"

"ஆமாம் மேடம். கல்யாணப் பத்திரிகை வைப்போமே, அதே மாதிரி."

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். இங்கே கேட்டவருக்கு மதி இருந்தது. நர்ஸை அனுப்பி ஃபைலை வரவழைத்தார், பழைய பக்கங்களைப் புரட்டினார், ஒரு தேதியின் மேல் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார். என் இளைய மகன் சிசேரியனில் பிறந்த தேதி. அதே ஆடி மாதம்.

"நல்ல நாள் ஏதாவது பார்க்கணுமா என்று அன்றைக்கு உன்னிடம் கேட்டேன். கணக்கு டீச்சருக்கு எல்லாத் தேதியும் வெறும் நம்பர்தான் என்று சொன்னாய். நான் மறக்கவில்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் பாதி, ரத்தம் குறைந்த உடம்பு பாதி. அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னொரு டாக்டரிடம் காட்டப் போகிறாய். அவ்வளவுதானே? அதற்குப் போய்ச் சாமியை ஏன் நடுவில் இழுத்தாய்?"

கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் ஃபைலை என்னிடம் கொடுப்பதற்கு முன்னால் கிளிப்பைத் திறந்து ஒரு தாளை மட்டும் வெளியே எடுத்தார். "இது என் முடிவை நான் எழுதின பக்கம். இது இங்கேயே இருக்கட்டும். இதைப் பார்த்தால் அவரும் என் கண்ணால்தான் பார்ப்பார்" என்று சொல்லி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

கட்கித் தொழிற்சாலையின் வாசலைக்கூட அவர் பார்த்திருக்க மாட்டார். என் அண்ணியை அவருக்குத் தெரியாது. ஒருத்தி டப்பாவில் மடித்துப் போடும் சீட்டை இன்னொருத்தி டிராயரில் வைத்துப் பூட்டுகிறாள். இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் நான் வாழ்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.

"அங்கே என்ன சொன்னாலும் வந்து சொல்" என்றார் டாக்டர். "நான் சொன்னது தப்பு என்று சொன்னால், அதை முதலில் என்னிடம் சொல்."

வெள்ளிக்கிழமை கேம்ப் டாக்டரின் அறையில் அண்ணி எனக்கு முன்னால் நுழைந்தார். அந்த டாக்டர் வயதில் என்னைவிடச் சின்னவர். ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், என்னைப் படுக்கவைத்து மறுபடி ஸ்கேன் செய்தார், அரை மணி நேரம் கேள்வி கேட்டார். கடைசியில், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றார். கேள்வி எனக்குப் புரியவில்லை. என் கர்ப்பப்பை விஷயத்தில் எனக்கு என்ன வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. "எடுக்காமல் முடியுமென்றால் எடுக்க வேண்டாம்" என்று என் வாய் சொல்லிற்று. சொன்ன பிறகுதான் அதுதான் என் ஆசை என்று எனக்கே தெரிந்தது.

முடியலாம் என்றார் அவர். கட்டிகள் சின்னவை, வெளிப்பக்கச் சுவரில் இருக்கின்றன. காப்பர்-டி மாதிரி, ஆனால் மருந்து கசிகிற சாதனம் ஒன்றை உள்ளே வைத்து, ரத்தத்துக்கு இரும்புச்சத்து ஊசி போட்டு, ஆறு மாதம் பார்க்கலாம். அப்போதும் அடங்காவிட்டால் ஆபரேஷன்தான். "ஆபரேஷன் தப்பில்லை. ஆனால் அது கடைசிப் படி. அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. இதை உங்கள் டாக்டரே வைத்துவிடலாம்" என்றார்.

மறுநாளே நிக்டி டாக்டரிடம் போனேன். கேம்ப் டாக்டர் எழுதிக் கொடுத்ததை இரண்டு முறை படித்தார். டிராயரைத் திறந்து தன்னுடைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"நான் கத்தி பிடித்துப் பழகின ஆள். உன்னை மாதக்கணக்கில் அலையவிடாமல் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று பார்த்தேன். அவர் சொல்வது சரி. முதலில் இதைத்தான் செய்திருக்க வேண்டும்" என்றார். பிறகு ரெஜிஸ்டரை எடுத்து, அந்தச் செவ்வாய்க்கிழமையில் இருந்த என் பெயரை என் கண் முன்னாலேயே அடித்தார். இருபது வருடத்தில் அவரை நான் மிக அதிகமாக மதித்தது அந்த நிமிடத்தில்தான். சாதனத்தையும் அவர்தான் வைத்துவிட்டார்.

முதல் மூன்று மாதம் ஒழுங்கில்லாமல் இருந்தது. பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, ஆறாம் மாதம் நான்கே நாளில் நின்றது. மாடி ஏறினேன், மூச்சு வாங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஒரு பெட்டி பேடா வாங்கிக்கொண்டு கட்கியில் அண்ணி வீட்டுக்குப் போனேன்.

அண்ணி தரையில் பேப்பரை விரித்து வெந்தயக்கீரைக் கட்டைப் பிரித்து ஆய்ந்துகொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு, "நல்லதாச்சு" என்று ஒரு பேடாவை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து கையைக் கழுவினார். பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். உள்ளே நான்காக மடித்த ஒரு தாள். மடிப்பு பழுப்பேறி இருந்தது.

"இதைக் கொஞ்சம் படிச்சு சொல்லு."

"என்ன அண்ணி இது?"

"எனக்கு எடுத்தாங்க இல்ல, எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்பினாங்க. அந்தப் பேப்பர். அப்போ எனக்கு முப்பத்தாறு."

அண்ணிக்கு எடுத்தது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு எடுத்ததைப் போல அதுவும் வீட்டில் ஒரு வரிச் செய்தி. அவருக்கு ஒரே பெண். இன்னொன்று வேண்டும் என்று ரொம்ப ஆசைப்பட்டார் என்று என் கணவர் எப்போதோ சொல்லியிருக்கிறார். இத்தனை வருடம் அந்தத் தாள் இந்த வீட்டில் இருந்திருக்கிறது.

"பொண்ணுகிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லி இருக்கலாமே?"

"அவகிட்டயா? அவ தம்பி பாப்பா வேணும்னு கேட்டவம்மா."

"இதுல என்ன இருக்கும்னு நீங்க நெனச்சிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அதை நான் சொல்ல மாட்டேன். சொன்னா உன் கண்ணு அதைத்தான் தேடும். நீ பாத்துட்டு சொல்லு."

படித்தேன். பாதி வரிகள் எனக்கும் புரியாத டாக்டர் இங்கிலீஷ். ஆனால் கடைசி இரண்டு வரிகள் எல்லோருக்கும் புரியும்படி இருந்தன. கட்டி இல்லை. நோய் எதுவும் இல்லை. அளவும் சரியான அளவு. மறுபடி முதலிலிருந்து படித்தேன், வேறு ஏதாவது இருக்காதா என்று. இல்லை. மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பொய் சொல்லும் என் லட்சணம் ஆடி மாதத்திலேயே தெரிந்துவிட்டது. அதோடு, இருபத்தெட்டு வருடமாக ஒரு தப்பான துண்டைக்கூட நல்ல தட்டில் போடாத மனுஷியிடம் எதை மறைப்பது?

"ஒண்ணும் இல்ல அண்ணி" என்றேன். "நல்லா இருந்திருக்கு. எடுக்கவே தேவை இல்ல."

அண்ணி என் கையிலிருந்து தாளை வாங்கினார். பழைய மடிப்பிலேயே நான்காக மடித்தார்.

"நான் அளந்ததும் அதுதாம்மா" என்றார்.