அடுப்பு வைத்த வேனைப் பார்க்கப் போனோம்

காலை 8.40. மயிலாப்பூர் குளத்தருகே 12பி பேருந்துக்காக நின்றோம். நான், என் கணவர், ஒரு அளவு நாடா, ஒரு கூஜா தண்ணீர். 1995, மே மாதம். அந்த நேரத்துக்கே வெயில் முதுகைப் பொசுக்கியது. பேருந்து வந்தபோது படியில் ஆறு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பனகல் பார்க் வரை நான்கு கிலோமீட்டர், இரண்டு டிக்கெட் மூன்று ரூபாய், உட்கார இடம் கிடையாது. பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் பனிமலையைப் பார்த்துவிட்டு வந்து எழுதுவார்கள். நான் அன்று பார்த்ததெல்லாம் ஒரு வேன். அதைப் பார்க்கப் போன வழியையும் சேர்த்துச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

என் கணவர் வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஓட்டல் கிடையாது, ரயில் சாப்பாடு கிடையாது, மற்றவர்கள் வீட்டுக் காப்பி கிடையாது. தானே சமைத்துக்கொள்ளவும் தெரியாது. ஆகவே அவர் எங்கும் போகமாட்டார், அவரைப் பட்டினி போட்டுவிட்டு நானும் எங்கும் போக முடியாது. கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். என் தங்கை சரோஜா நாக்பூரில் இருக்கிறாள். சென்ட்ரலில் ஏறினால் ஒரு ராத்திரி, ஒரு காலை, அவ்வளவுதான். அவள் வீட்டு வாசல் கிழக்கா மேற்கா என்றுகூட எனக்குத் தெரியாது. "நீ வரவே மாட்டாய், இனிமேல் கூப்பிடவும் மாட்டேன்" என்று பொங்கலுக்கு எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைப் படித்து நான் அழுததை இவரும் பார்த்தார்.

இவர் அந்த ஏப்ரலில்தான் ஓய்வு பெற்றிருந்தார். ஒருநாள் பேப்பரில் விளம்பரம் பார்த்தார். படுக்கை, அடுப்பு மேடை, கழிப்பறை எல்லாம் உள்ள வேன், சினிமாக் கம்பெனி ஒன்று மேக்கப்புக்காகக் கட்டியது, விற்பனைக்கு. "மைதிலி, நம்ம ஆத்தையே தூக்கிண்டு போறாப்ல. நேரா நாக்பூர், அங்கேர்ந்து காசி!" என்றார். அவர் அப்படிக் குதூகலமாகப் பேசி நான் கேட்டதில்லை. சரோஜா வீட்டு வாசலில் போய் இறங்குவது போல நானும் மனசுக்குள் இரண்டு நாள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி தேறினால் நாக்பூர், தேறாவிட்டால் மயிலாப்பூர். என் நிலைமை அதுதான்.

காலை 9.20. பனகல் பார்க் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. வேன் தரகர் கோதண்டம் அங்கேதான் இருப்பார், ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தார். பத்தேகாலுக்கு வெற்றிலையை மென்றுகொண்டு வந்தார்.

"இன்னா சார், சீக்கிரமே வன்ட்டீங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வண்டி எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"கோடம்பாக்கத்துல கீதும்மா. அஞ்சு நிமிசம். வண்டி சும்மா கல்லு மாதிரி கீது."

மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் இருபத்தைந்து ரூபாய் கேட்டார். மீட்டர் போடச் சொன்னேன். "மீட்டர் சூடாயிடுச்சும்மா" என்றார். மீட்டருக்கு ஜுரம் வந்து நான் கேள்விப்பட்டது அன்றைக்குத்தான்.

காலை 10.50. கோடம்பாக்கத்தில் ஒரு பழைய ஸ்டூடியோவின் பின்பக்கம். வேன் இல்லை. வேன் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. கோதண்டம் வாட்ச்மேன் மேல் பாய்ந்தார்.

"வண்டி எங்கய்யா? ஒரு வார்த்த சொல்லிட்டு எடுத்துக்கினு போவக்கூடாதா?"

வாட்ச்மேன் பீடியை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "இன்னா மாமா, தமாஷ் பண்றியா? ரெண்டு மாசம் முன்னால நீதான லாரி புடிச்சாந்து, கயிறு கட்டி, கோட்டூர்புரத்துக்கு இஸ்துக்கினு போன?"

கோதண்டம் தலையைச் சொறிந்தார். "அட ஆமா. மறந்தே பூட்டேன்."

"கயிறு கட்டி இழுத்துண்டு போனேளா? வண்டி ஓடும்னு சொன்னேளே?" என்றேன்.

"ஓடும்மா, ஏன் ஓடாது? டீசல் வீணாவுமேன்னு இஸ்துக்கினு போனோம்."

லாரிக்கு மட்டும் டீசல் வேண்டாமோ? இவரிடம், "போதும், ஆத்துக்குப் போலாம்" என்றேன். இவர் காதில் விழவில்லை. கூஜாவைத் திறந்து மிச்சத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, "இவ்வளவு தூரம் வந்தாச்சு, பார்த்துட்டே போயிடலாம்" என்றார். எனக்கு ஒரு வாய் வேண்டுமா என்று கேட்கவில்லை.

காலை 11.40. கோட்டூர்புரம், ஆற்றை ஒட்டிய ஒரு காலி மனை. ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். அதுவரை மொத்தம் பதினான்கு கிலோமீட்டர் சுற்றியிருந்தோம். மயிலாப்பூரிலிருந்து அபிராமபுரம், நந்தனம் வழியாக நேரே வந்திருந்தால் ஐந்துதான். இதை ஆட்டோவிலிருந்து இறங்கும்போது நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். கோதண்டம் புதர்ப் பக்கம் கைகாட்டினார்.

வேன் காட்டாமணக்குப் புதருக்குள் நின்றது. வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது எந்த நிறம் என்று சொல்லத் தெரியவில்லை. நான்கு டயரில் இரண்டு தரையோடு சப்பையாக ஒட்டியிருந்தன, மற்ற இரண்டிலும் விரல் நுழையும் வெடிப்பு. கதவைத் திறந்ததும் எலிப் புழுக்கை நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளே மேக்கப் போடும் பெரிய கண்ணாடி, சுற்றிலும் பல்பு மாட்டும் ஓட்டைகள், ஒன்றில்கூடப் பல்பு இல்லை. படுக்கையின் பஞ்சைப் பிடுங்கி எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. நான் ஓட்டுநர் இருக்கைக்கு அருகே தரைப் பலகையில் கால் வைத்தேன். பலகை பொதுக்கென்று உள்ளே போனது. ஓட்டை வழியாகக் கீழே புல் தெரிந்தது.

"ஏன்னா, இங்க வந்து பாருங்கோ, தரையே இல்லை!"

இவர் வரவில்லை. அடுப்பு மேடையை நாடாவால் அளந்துகொண்டிருந்தார்.

"ரெண்டே கால் அடி. மைதிலி, கிரைண்டர் வைக்க இடம் பத்துமோ? இந்த மூலைல பெருமாள். கோதண்டம், அடுப்பு எந்த திக்கைப் பார்த்துண்டு இருக்கு?"

"சாமி, இது வண்டி" என்றார் கோதண்டம். "எந்தப் பக்கம் வோணுமோ அந்தப் பக்கம் திருப்பி நிறுத்திக்க வேண்டிதான்."

அன்று அந்த மனிதர் சொன்ன ஒரே நியாயமான வார்த்தை அது. இன்ஜினை ஓட்டிக் காட்டுங்கள் என்று நான் சொன்னதற்கு, பேட்டரியைக் கழற்றி வேறு வண்டிக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். இன்ஜின் மூடியையாவது திறங்கள் என்றேன். திறந்தார். அதற்குள் ஓணான் இருந்தது. விலை ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்று ஓணானுக்கு நேரே நின்றுகொண்டு கூசாமல் சொன்னார்.

அந்த மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நாக்பூரானாலும் காசியானாலும் நான் இந்த ரெண்டே கால் அடிக்குள் நின்று ரசம் வைத்துக்கொண்டிருப்பேன். இவர் ஜன்னல் வழியாக ஊர் பார்ப்பார். சீ, இதற்கா இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன்! ஆனாலும் மனசு கேட்கவில்லை. நாக்பூருக்கு இது ஒன்றுதான் வழி என்றால் அதற்கும் சரி என்று, எத்தனை டயர் மாற்ற வேண்டும் என்று எண்ணத் தொடங்கினேன்.

பகல் 12.15. கழிப்பறைக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரே பலகைதானா என்று பார்க்க இவர் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு திறக்க வரவில்லை. உள்ளே கைப்பிடி கழன்று விழுந்த சத்தம் கேட்டது. நானும் கோதண்டமும் இழுத்தோம், தள்ளினோம், உதைத்தோம். துருப்பிடித்த தாழ்ப்பாள் அசையவில்லை. உள்ளே தகரச் சுவர், மேலே உச்சி வெயில். முதலில் "மைதிலி!" என்று அதட்டினார், பிறகு கெஞ்சினார், பிறகு சத்தமே இல்லை. நான் போட்ட கூச்சலில் தெருமுனை டீக்கடை பாய் கடப்பாரையோடு ஓடி வந்தார். "நவுருங்கம்மா" என்றார். மூன்று நெம்பு. கதவு பெயர்ந்து வந்தது.

இவர் சட்டையெல்லாம் நனைந்து, கண் சொருகி, சரிந்து விழுந்தார். பாய் அவரைத் தாங்கிக்கொண்டு போய்க் கடை பெஞ்சில் உட்காரவைத்தார். "தண்ணி குடிங்க ஐயா, மெதுவா" என்று கண்ணாடி டம்ளரை நீட்டினார். நான் காலிக் கூஜாவைப் பிடித்துக்கொண்டு திகைத்து நின்றேன். இவர் டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். மறுபடி நீட்டினார். மறுபடி குடித்தார். பாய் ஒரு டீயும் இரண்டு பொறை ரொட்டியும் கொடுத்தார். பொறையை டீயில் தோய்த்துச் சாப்பிட்டார். முகத்தில் ரத்தம் திரும்பியது. எனக்கும் அப்போதுதான் உயிர் வந்தது, பாயைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"பேஷ், நன்னா இருக்கே. இன்னொரு டீ போடுங்கோ பாய்" என்றார் இவர்.

பாய் போட்டார். அதையும் குடித்தார். பாய் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பகல் 1.30. கோதண்டம், "கதவ ஒடச்சதுக்கு ஐந்நூறு கொறச்சுக்கலாம் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன். நந்தனம் தாண்டினோம். பிறகு இவர் மெல்ல, "இதையெல்லாம் சரோஜாவுக்கு எழுதிண்டிருக்காதே. அவசரத்துக்குக் குடிச்சது" என்றார்.

"முதல் டீ அவசரம். ரெண்டாவது டீ எதுக்காம்?"

இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாலையைப் பார்த்தார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இருபத்தேழு வருஷம்! சரோஜாவின் இரண்டு பிரசவம், அவள் கிரகப்பிரவேசம், அவள் மாமியார் போனது, ஒன்றுக்கும் நான் இல்லை. இவரால் வெளியில் எதுவும் குடிக்க முடியாது என்று நான் நம்பியிருந்தேன். இவரால் முடியும். வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். கையெட்டும் தூரத்தில் நான் இருந்தேன்.

"மாம்பலம் ஸ்டேஷனுக்கு விடுப்பா" என்றேன் ஆட்டோக்காரரிடம்.

பிற்பகல் 2.10. முன்பதிவு வரிசையில் எனக்கு முன் பதினோரு பேர். இவர் பக்கத்தில் நின்றார். படிவத்தில் என் பெயரை எழுதினேன், வயது ஐம்பது என்று எழுதினேன்.

"என் பேரையும் எழுதேன். நானும் வரேன்" என்றார்.

"அடுத்த தடவை வாங்கோ. இந்தத் தடவை நான் மட்டும்."

"அப்ப என் சாப்பாடு?" வரிசையே திரும்பிப் பார்த்தது.

"ஊர்ல கடை இருக்கு, உங்களுக்குக் காலும் இருக்கு" என்றேன். எனக்குப் பின்னால் நின்ற பெண் சிரித்துவிட்டாள். இவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். இவர் என் கையிலிருந்து படிவத்தை வாங்கி, நான் விட்டிருந்த வண்டி எண்ணைச் சுவர்ப் பலகையில் பார்த்து எழுதிக் கொடுத்தார். கவுன்டரில் இருந்தவர், ஜூன் மூன்றாவது வாரம்தான் இடம் இருக்கிறது என்றார். கொடுங்கள் என்றேன்.

ஜூன் மாதம், ரயிலில். சென்ட்ரலில் இவர் என் பெட்டியைத் தூக்கி வைத்தார், வண்டி நகரும்வரை நின்றார். கூடூரில் காப்பி வந்தது. வாங்கினேன். கொதிக்கிற தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டி, அதற்குக் காப்பி என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்காத்தில் அப்படி ஒரு காப்பியைக் கொடுத்திருந்தால் இவர் டம்ளரைத் தொட்டிருக்கவே மாட்டார், நானும் மறுபடி டிகாஷன் இறக்கியிருப்பேன். எழுந்திருக்க வேண்டியதில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. ஜன்னலோரம் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு அந்தக் கண்ணராவியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.